எதிர் நாற்காலி

உட்காருவதற்கு முன் ஸ்டெல்லா அக்கா செருப்பைக் கழற்றிக் கதவுக்கு வெளியே விட்டுவிடுகிறார். வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்கிறார். ஒரு கிராம்பைக் கடைவாயில் அடக்குகிறார். பிறகுதான் அந்த நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொள்கிறார்.

"செருப்பப் பாத்தாவே சில புள்ளைங்களுக்கு அடி வாங்குன நெனப்பு வந்துடுது சார். கைய மூடி வச்சிகினா உள்ள இன்னாமோ கீதுன்னு பயப்படுதுங்க."

கிராம்பு எதற்காம்?

"அது எனக்கு. அது இல்லன்னா நா எங்க வாய மூடுறேன்!"

வாஸ்தவம்தான். அவரைப் பற்றி எழுதுவதற்காக இரண்டு நாள் கூடவே சுற்றிய எனக்குத் தெரியும். வில்லியனூர்ப் பக்கம், வழக்கில் சிக்கிய பையன்களைக் காவலில் வைத்திருக்கும் ஒரு கூர்நோக்கு இல்லத்தில் துப்புரவு வேலை செய்கிறார். துடைப்பத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும், முட்டிவலி, கொசு, பக்கத்து வீட்டுச் சேவல் என்று ஊரைச் சுற்றிவிட்டுத்தான் பேச்சு திரும்பி வரும். இப்படிப்பட்டவருக்குக் கடவுள் கொடுத்த இரண்டாவது வேலை, பேசாமல் இருப்பது!

அங்கே மனநல ஆலோசகராக வரும் கல்பனா, பையன்களுக்கு ஒரு பயிற்சி கொடுப்பார். எதிரே ஒரு காலி நாற்காலி போடப்படும். தான் கெடுதல் செய்த ஆளோ, தனக்குக் கெடுதல் செய்த ஆளோ அதில் இருப்பதாக நினைத்து மனதில் உள்ளதைப் பேச வேண்டும். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "காலி சேராண்ட பேச நா இன்னா லூசா மேடம்?" என்று ஒருவன் கேட்டே விட்டான். இன்னொருவன் சிரிக்கவும் இல்லை, பேசவும் இல்லை. வாரக்கணக்கில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் அந்த அறையைப் பெருக்க வந்த அக்கா, முட்டி தாங்காமல், விவரம் தெரியாமல், அந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். சுவரையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பையன் அவர் பக்கம் திரும்பினான். "நா வேணும்னு தள்ளலம்மா" என்று ஆரம்பித்து, தேம்பித் தேம்பி அழுதான். பதறி எழுந்த அக்காவை, கல்பனா கண்ணாலேயே உட்காரச் சொன்னார். அன்றிலிருந்து அந்த எதிர் நாற்காலி அக்காவுடையதாகிவிட்டது. அந்தப் பையன் யாரை, எங்கே தள்ளினான் என்று நான் கேட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குக் கிராம்பு தேவைப்படுவதில்லை.

"நா ஒண்ணும் பண்றதில்ல சார். அந்த நேரத்துக்கு அதுங்களோட அம்மா, நைனா, அடிபட்ட ஆளு எல்லாம் நாந்தான். திட்டும், அழுவும், கால்ல வுழும். நா பாத்துகினே குந்தியிருப்பேன்."

சோரியாங்குப்பத்து வீட்டில் அவர் ஒண்டிக்கட்டை. கணவர் ஆண்டனி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. கதவைத் திறந்ததும் விளக்கைப் போடுவதற்கு முன்பே எஃப்.எம்.மைப் போடுகிறார். நான் கூடப் போயிருந்த அன்று, அதில் பேசும் பெண் "என்ன நேயர்களே, சாப்டீங்களா?" என்றாள். "இன்னும் இல்லம்மா, இப்பதான் வூட்டுக்கு வரேன்" என்று அக்கா பதில் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கல்பனா ஒரு விதி வைத்திருக்கிறார். விடுதலையாகிப் போன பையனை வெளியே பார்த்தால் அக்கா முந்திக்கொண்டு பேசக் கூடாது. அவனாகப் பேசினால் பேசலாம். நியாயமான விதிதான். ஆனால் எவன் பேசுவான்? அந்த இடத்தை மறக்கத்தானே ஒவ்வொருவனும் பார்ப்பான்?

"பஸ்ஸுல எதுர்லயே குந்திகினு வரும். ஜன்னலப் பாக்கும். நானும் ஜன்னலப் பாப்பேன். எம்மாம் அழுதிருக்கும் எங்கிட்ட! ஒரே ஒருத்தன், 'நல்லா கீறியாம்மா'ன்னு கேட்டுட்டா போதும் சார். வேற இன்னா வேணும் எனக்கு?"

"கேப்பாங்கக்கா" என்று சொல்லிவைத்தேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

மறுநாள் வேலை முடிந்து திரும்பும்போது அவருடைய ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். தவளக்குப்பம் சந்திப்பில் டயர் பஞ்சர். தள்ளிக்கொண்டுபோய் ஒரு கடையில் நிறுத்தினோம். உள்ளேயிருந்து கிரீஸ் கையோடு வந்த இளைஞன் அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். சேவலைப் பற்றிய அக்காவின் பேச்சும் பாதியில் நின்றது.

அவன் உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்தான். பனியனாலேயே துடைத்தான். டயரோடு தான் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே போட்டான்.

"குந்தும்மா" என்றான்.

கடைக்காரர் மரியதாஸ் திரும்பிப் பார்த்தார். "இன்னாடா, தெரிஞ்சவங்களா? எங்க பழக்கம்?"

பையன் வாயைத் திறந்தான். அக்காவைப் பார்த்தான், டயரைப் பார்த்தான். சொல்லேன்டா தம்பி, ஒரு வார்த்தை சொல்லேன் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். 'எங்கே' என்பதற்கு அவன் என்ன சொல்வான், சொன்னால் நாளைக்கு இந்தக் கடையில் இருப்பானா என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. அக்காவுக்குத் தோன்றியது.

"அய்ய, யாருன்னே தெரியாதுங்க" என்று முந்திக்கொண்டார். "நா முட்டியப் புடிச்சிகினு நிக்கறனே, பாவம்னு தம்பி சேர் போடுது."

பிறகு அந்த நாற்காலியைத் தூக்கி, கடலூர் ரோட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். பையனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். செருப்பை மெல்லக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.