உட்கார இடமில்லாத நிலையம்

பறக்கும் டாக்சிக்கு மொட்டைமாடியில் தளம், ஓட்டுநர் இல்லாத வண்டிக்குக் கீழே தனிப்பாதை என்று அந்த நிலையத்தை வரைந்தவள் அவள்தான். இனி வண்டிக்காக யாரும் காத்திருக்கப் போவதில்லை என்று கம்ப்யூட்டர் அடித்துச் சொன்னது. அதற்கென்ன, காலா வலிக்கப் போகிறது? அதை நம்பி, வரைபடத்திலிருந்த பெஞ்சுகளையெல்லாம் தன் கையாலேயே அழித்தாள். யாரும் சாய்ந்து நிற்காதபடி தூண்களையும் சரிவாக்கினாள். மேலதிகாரி வாயாரப் பாராட்டினார்.

நிலையம் திறந்தாயிற்று. புது வண்டிகள் மட்டும் வந்தபாடில்லை. பழைய பஸ்தான் வருகிறது, அதுவும் தன் இஷ்டத்துக்கு.

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த கணவனை டாக்டரிடம் காட்டிவிட்டு, அவனோடு இன்று அவளே அங்கே நின்றாள். தூணில் சாயப் பார்த்தவன் வழுக்கி, காலை நீட்டித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பஸ் வர்றதுக்குள்ள நானே எதிர்காலத்துக்குப் போய்ச் சேந்துடுவேன் போலிருக்கே" என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் அலுவலகத்துப் பெண் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, அடுத்த நிலையத்துக்கும் இதே வரைபடம் போதுமாம். நீங்க ஒப்புதல் குடுத்துட்டீங்களா?"

அவள் கணவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"காலையிலேயே குடுத்துட்டேன்."