லெயோந்தினாவின் வரவேற்பறை

லெயோந்தினா அக்கா இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து வருவதற்குள் அவள் வீட்டைத் தலைகீழாக மாற்றியிருந்தார்கள். வெள்ளைச் சுவர், வெள்ளைச் சோபா, வெள்ளை மேசை. மேசைமேல் ஒன்றுமே இல்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்றாள் மகள் கார்மினா. விளம்பரக் கம்பெனியில் வேலை பார்ப்பவள்.

"ஆஸ்பத்திரிய விட்டு எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவே?" என்றாள் அக்கா.

நான் எதிர்வீட்டுக்காரி. பழைய வரவேற்பறை எனக்கு மனப்பாடம். சுவரில் மான் போட்ட கம்பளம். டிவி மேல் பின்னல் துணி, அதன்மேல் வாயைப் பிளந்த கண்ணாடி மீன். பிளாஸ்டிக் ரோஜாக்கள். இறந்துபோன கணவர் கவ்ரிலின் வண்ணம் தீட்டிய பெரிய படம். எல்லாம் சாக்ஸ் ஆலையில் அக்கா கால் வீங்க நின்று ஒவ்வொன்றாகச் சேர்த்தவை.

"என் சாமானெல்லாம் எங்கடி?"

"ஏழைங்களுக்குக் குடுத்துட்டேம்மா."

அக்கா நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். ஏழைகளுக்கு என்றால் அவள் மறுத்துப் பேசமாட்டாள்.

உண்மையைச் சொன்னவன் தரைத்தள நிக்கிஃபோர். கட்டிடத்து வாசல் பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

"அக்கா, சிட்டிக்குள்ள உன் வீட்ட டிக்கெட் போட்டுக் காட்டுறானுங்க! மட்ட ரசனை மியூசியமாம். உன் மான் நிக்குது, மீன் நிக்குது, கவ்ரில் அண்ணன் மீசையோட முறைக்கிறாரு. சிரிச்ச சிரிப்புல என் பல்செட்டே கழண்டுடுச்சு!"

பெஞ்சே குலுங்கியது. அக்கா எழுந்து என் கையைப் பிடித்தாள். "ஸ்மரண்டா, வா போலாம்."

புக்கரெஸ்ட்டின் பழைய பகுதியில், பீர்க்கடைகளுக்கு மேலே மாடியில் இருந்தது அது. கயிறு கட்டி, விளக்குப் போட்டு, அவள் வரவேற்பறையை அப்படியே வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை: 'அழகு என்றால் என்னவென்று தெரியாதவர்கள் இப்படித்தான் வாழ்ந்தார்கள்.' ஒரு பெண் மீனைப் போலவே வாயைப் பிளந்து காட்ட, அவள் காதலன் படம் பிடித்தான்.

அக்கா கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தாள். கோணலாகக் கிடந்த பின்னல் துணியை நேராக்கினாள். தன் சோபாவில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். நாடகம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

மியூசியக்காரன் செவெர் கெட்டிக்காரன். கார்மினாவின் கல்லூரி நண்பன். விஷயத்தைக் கேட்டதும் குனிந்து அவள் கையில் முத்தமிட்டான். "அம்மா, தினம் வந்து இப்படி உக்காருங்க. சம்பளம் தர்றேன்."

"என் வீட்ல நான் உக்கார சம்பளமா?" என்றாள். ஆனால் மறுநாளே போனாள்.

வீட்டிலிருந்து செர்ரிப் பாகு எடுத்துப்போய், வருகிறவர்களுக்கெல்லாம் எங்கள் ஊர் விருந்து வழக்கப்படி ஒரு கரண்டியும் ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்தாள். அவர்கள் அவளோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். "எவ்வளவு விருந்தாளிங்க தெரியுமா ஸ்மரண்டா! பெத்த பொண்ணுகூட இப்படி வந்து பாக்கல," என்றாள். எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நான் விளக்கப் போகவில்லை.

ஒருநாள் ஒரு பெண் கவ்ரிலின் படத்தைக் காட்டி, "இந்த மீசைக்காரர் யாரு?" என்று கேட்டாள். அக்கா சொன்னாள். கடைசல் இயந்திரத்தில் அவர் சட்டைக் கை மாட்டி உயிர் போனதை, ஆலைக்காரர்கள் இயந்திரத்தைக் கழுவிவிட்டு அடுத்த ஷிப்டை ஓட்டியதைச் சொன்னாள். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் கேட்காமலே அவள் சொல்லத் தொடங்கினாள்.

"அம்மா, சாவுக் கதையெல்லாம் வேணாம்," என்றான் செவெர். "ஜனங்க சிரிக்கத்தான் வர்றாங்க."

"என் வீட்டுக்காரரைப் பத்தி என் வீட்ல பேசக் கூடாதா?"

மறுவாரம் சோபாவில் ஒரு துணிக்கடைப் பொம்மை உட்கார்ந்திருந்தது. தலையில் பூப்போட்ட கைக்குட்டை, கையில் கரண்டி. செவெர் அக்காவை வாசலிலேயே நிறுத்தினான்.

"அவர் படத்த மட்டுமாவது குடு."

"உங்க பொண்ணு எழுதிக் குடுத்ததும்மா. இப்ப அது மியூசியத்துச் சொத்து."

அன்று மாலையே மகளைப் போனில் கூப்பிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அப்பா படம் என் போன்ல இருக்கும்மா, அனுப்புறேன். இனிமே அங்க போய் என் மானத்த வாங்காத. ஆபீஸ்ல எல்லாரும் உன் வீடியோவத்தான் பாத்துட்டிருக்காங்க."

படம் அனுப்பவும் செய்தாள். அக்காவின் போன் பொத்தான் போன். அதில் ஒரு காலிக் கட்டம்தான் தெரிந்தது. அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த குளிர்காலத்துக்குள் மியூசியம் நொடித்தது. சாமான்களை மொத்தமாக ஏதோ வெளிநாட்டு உணவகத்துக்கு விற்றுவிட்டதாகக் கேள்வி. அக்காவிடம் நிக்கிஃபோர்தான் சொன்னான், அதையும் சிரித்துக்கொண்டே. ஈஸ்டருக்கு முன்பு அந்த வெள்ளைச் சோபாவிலேயே செத்துக்கிடந்தாள். கதவைத் தள்ளித் திறந்தவள் நான்.

கல்லறைச் சிலுவையில் பதிக்கப் படம் வேண்டும். வீட்டில் ஒன்றுகூட இல்லை, ஆல்பங்களும் மியூசியத்தோடு போயிருந்தன. கார்மினா இணையத்தில் தேடி ஒன்றைப் பிடித்தாள். யாரோ சுற்றுலாக்காரன் போட்டது. அக்கா கரண்டியை நீட்டிச் சிரிக்கிறாள்.

"நல்லாத்தானே இருக்கு?" என்று என்னிடம் காட்டினாள்.

பக்கத்தில் நின்றவனைப் படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள். ஆனால் அக்காவின் தலைக்குப் பின்னால் கொம்பு மாதிரி அவன் பிடித்திருந்த இரண்டு விரல்களையும் வெட்ட முடியவில்லை. பீங்கானில் சுட்டு அப்படியே பதித்துவிட்டார்கள்.