ஓவர் லோடு மச்சான்

கட்டை விரலால் பின்டயரை அமுக்கிப் பார்த்து, "காத்து கல்லு மாதிரி நிக்குது" என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டு, மச்சான் இன்னொரு பொருளைப் பைக்குள் திணிக்கிறார். இந்த முறை இஸ்திரிப் பெட்டி.

"மக வீட்டுல இஸ்திரிப் பெட்டி இருக்காதா மச்சான்?"

"இருக்கும். வேலை செய்யணுமே! எதுக்கும் இருக்கட்டும்."

'எதுக்கும் இருக்கட்டும்' என்பதுதான் என் அக்கா வீட்டுக்காரரின் தாரக மந்திரம். சைக்கிளின் முன்னும் பின்னும் பக்கத்துக்கு ஒன்றாகப் பைகள், கேரியர் மேல் ஒரு மூட்டை. உள்ளே சுத்தியல், மடக்கு நாற்காலி, மழைக்கோட்டு, அது நனைந்தால் போட்டுக்கொள்ள இன்னொரு மழைக்கோட்டு. போன பயணத்தில் கூடாரத்தோடு ஒரு கதவுத் தாழ்ப்பாள்கூட வந்தது. கூடாரத்துக்கு ஏது கதவு என்று கேட்டேன். வீடு திரும்பும்வரை என்னோடு பேச்சுவார்த்தை கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், மனுஷனுக்கு உத்தியோகம் லாரி எடை மேடையில். வண்டி உள்ளே நுழையும்போதே டயர் பிதுங்குவதைப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியே கையை நீட்டி, "இறக்கிட்டு வா" என்பார். கெஞ்சினாலும் சரி, கும்பிடு போட்டாலும் சரி, மசிய மாட்டார். ஊர் லாரிக்கெல்லாம் அளவு சொல்கிறவர் தன் சைக்கிளை மட்டும் அந்த மேடையில் ஏற்றியதே இல்லை. "அது சொந்த வண்டிடா" என்பது அவருடைய நியாயம்.

மகள் வீடு மலைக்கு அந்தப் பக்கம். ஒவ்வொரு தடவையும் பாதி வழியில் மூச்சிரைத்து அக்காவுக்குப் போன் போடுவார். அவளும் காரை எடுத்துக்கொண்டு வந்து ஆளையும் மூட்டையையும் அள்ளிக்கொண்டு போவாள். இந்த முறை அவருக்கு முன்னாலேயே மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டவள், காரில் ஏறும்போது கறாராகச் சொல்லிவிட்டாள்.

"போன் வந்துச்சு, இல்ல எந்த வண்டியிலயாவது ஏறினீங்க, அந்தச் சைக்கிளை வித்துடுவேன். தம்பி, நீயும் கூடப் போ. இவரை நம்ப முடியாது."

மச்சான் முகம் செத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செயினைத் துடைக்கும்போது மட்டும்தான் அவர் வாயில் பாட்டு வரும். சாட்சியாக நானும் கிளம்பினேன். என் சைக்கிளில் கேரியர் கிடையாது. அது தற்செயல் அல்ல.

சமவெளி முழுக்க எதிர்காற்று. வேலியோரம் மேய்ந்த ஆடு ஒன்று எங்களோடு கொஞ்ச தூரம் நடந்து வந்தது, சலித்துப்போய் முந்திக்கொண்டு போய்விட்டது. மதியம் பார்த்து மழை. மழைக்கோட்டு இரண்டும் பையின் அடியில் கிடந்தன. கைக்கு எட்டியதெல்லாம் இஸ்திரிப் பெட்டி. தொப்பலாக நனைந்து மலையடிவாரத்துக்கு வந்தோம். முதல் வளைவிலேயே சைக்கிள் முன்னால் போக மறுத்துப் பின்னால் போக ஆரம்பித்தது.

அந்நேரம் பார்த்து ஒரு லாரி ஓரங்கட்டியது. டிரைவர் தலையை நீட்டினார்.

"அட, எடை மேடை சாரா! என்ன சார், ஓவர் லோடா?"

போன வாரம்தான் அவருடைய சரக்கில் பாதியை மச்சான் இறக்க வைத்திருக்கிறார். அந்த முகத்தில் அப்படி ஒரு திருப்தி! ஆனாலும் நல்ல மனிதர். "பையை மட்டும் போடுங்க சார். மேல டீக்கடையில இறக்கி வெச்சிட்டுப் போறேன்" என்றார்.

எனக்கு வாயெல்லாம் பல். "போடுங்க மச்சான்! உங்களத்தானே ஏறக் கூடாதுன்னா அக்கா. பையைச் சொல்லலையே!"

மச்சான் லாரியைப் பார்த்தார். மலையைப் பார்த்தார்.

"வேணாம்ப்பா. வண்டியும் சரக்கும் சேர்ந்துதான் எடை. சரக்கு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னா அது வந்து சேர்ந்த கணக்கே இல்ல."

லாரி போனது. என் உயிரில் பாதியும் அதோடு போனது. மச்சான் சுமையில் பாதியை அவிழ்த்து என் காலடியில் வைத்து, "பாத்துக்க" என்று சொல்லிவிட்டு மிச்சத்தோடு மிதித்துப் போனார். அதை டீக்கடையில் ஒப்படைத்துவிட்டு, வெறும் சைக்கிளில் பறந்து இறங்கி வந்தார். மீதியைக் கட்டிக்கொண்டு மறுபடியும் ஏறினார். இஸ்திரிப் பெட்டியையாவது தூக்கி எறியுங்கள் என்று கெஞ்சினேன். "நல்ல பெட்டிடா" என்றார், பாதி மூச்சில். மனசு கேட்காமல் பின்னாலிருந்து தள்ளப் போனேன்.

"கை வெக்காத. நீ சாட்சி."

உச்சியில் எல்லாவற்றையும் திரும்பக் கட்டிக்கொண்டு, பிரேக் கிறீச்சிட மறுபக்கம் இறங்கினோம். மகள் வீட்டுக் கேட்டுக்கு வந்தபோது தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. அக்கா வெளியே வந்து என்னைத்தான் முதலில் பார்த்தாள்.

"எதுலயாவது ஏறினாரா?"

"மலையிலதான்க்கா. அதுவும் ரெண்டு தடவை."

மச்சான் இறங்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் மேலேயே உட்கார்ந்து, "பரவாயில்லயே, புது பெயிண்டா?" என்று சுவரை ரசித்தார். கால் மரத்துப்போய், பின்னாலிருக்கும் மூட்டையைத் தாண்ட வரவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அக்காவுக்கு எனக்கு முன்பே புரிந்திருக்கும். போச்சு, இதைச் சாக்காக வைத்தே விற்றுவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் வீட்டுக்குள் பார்த்து, "ஏய், உங்கப்பா வந்துட்டாருடி! அவரேதான் வந்தாரு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். பிறகு குனிந்து, சேறு அப்பிய அவர் ஷூவை இரண்டு கையாலும் பிடித்து, காலை மெதுவாகத் தூக்கி மூட்டையைத் தாண்ட வைத்தாள். மச்சான் சைக்கிள் நகர்ந்துவிடாமல் இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.