மூன்று பிடி மணல்

என் மகளுக்கு எட்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரே வாரத்தில் இறங்கிவிட்டது. போகிற போக்கில் இடது காலின் பலத்தையும் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரி டாக்டர் காலைத் தட்டிப் பார்த்து, தசை முழுக்கச் சாகவில்லை என்றார். பெஞ்சில் உட்கார வைத்து, கணுக்காலில் மணல் பை கட்டி, காலை நீட்டி மடக்க வேண்டும். காலையில் ஐம்பது, சாயங்காலம் ஐம்பது. மாதம் ஒரு பிடி மணல் கூட்ட வேண்டும். ஒரு வருஷம் விடாமல் செய்தால் கோல் இல்லாமல் நடக்கலாம் என்றார்.

என் மனைவி ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் ஆயா வேலை பார்த்தாள். நான் மர்பி டவுனில் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைப்பவன். அதனால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காக்கி வெட்டுத்துண்டில் பை தைத்து, ஒரு பிடி மணல் போட்டு, பிரித்து மறுபடி தைக்கிற மாதிரி வாயைத் தைத்தேன்.

முதல் நாள் பத்துக்கே அழுதாள். மறுநாள் பெஞ்சில் ஏறவே மாட்டேனென்றாள். கமர்கட்டு கொடுத்தேன், அதை மென்றுகொண்டே மாட்டேனென்றாள். நான் முன்கோபி. வீடு அதிரக் கத்தினேன். அதற்கும் மசியவில்லை. கடைசியில் எனக்கும் ஒரு பெரிய பை தைத்துக் காலில் கட்டிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பந்தயம் போட்டேன். டெய்லருக்குப் பயில்வான் ஆசை வந்துவிட்டதென்று தெருவே சிரித்தது. முப்பதிலேயே எனக்கு மூச்சு வாங்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஐம்பதை முடித்து, "அப்பா தோத்துட்டாரு!" என்று கை தட்டுவாள். அதற்கப்புறம் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. விடிந்ததும் என் பையை இழுத்துவந்து என் மடியில் போட்டுவிடுவாள். மூன்றாவது பிடி மணல் போட்ட மாதம், சுவரைத் தொடாமல் நாலு அடி வைத்தாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அப்புறம் வெள்ளைக்காரனின் உலகச் சண்டை வந்தது. பட்டாளத்துக்குத் தைக்கச் சொல்லிக் காண்டிராக்டர் காக்கிச் சட்டைத் துணியைக் கட்டுக்கட்டாக இறக்கினார். எனக்குச் சாப்பிட நேரமில்லை.

"அப்பாக்கு வேலை இருக்கு கண்ணு. நீ சத்தமா எண்ணு. நான் கேட்டுக்கினே தைக்கிறேன்" என்றேன்.

எண்ணினாள். இரண்டு வேளையும் என் முதுகுக்குப் பின்னால் ஐம்பது வரை குரல் வரும். "ஆச்சுப்பா" என்பாள். "கெட்டிக்காரி" என்பேன்.

ஒருநாள் நூல் அறுந்து மிஷின் நின்றது. "முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு" என்று குரல் வந்துகொண்டிருந்தது. திரும்பினேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி எண்ணிக்கொண்டிருந்தாள். கால் அசையாமல் தொங்கியது. பை தரையில் கிடந்தது.

கேட்டால் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். சாயங்காலத்துக்குள் சட்டைகள் போயாக வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஊசியில் நூலைக் கோத்து, மிஷினை மிதித்தேன். மறுநாளும் கேட்கவில்லை.

இப்போது அவளுக்குப் பதினேழு வயது. கோல் ஊன்றித்தான் நடக்கிறாள். என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. போன வாரம் பழைய துணிப் பெட்டியைக் கிளறும்போது அந்தப் பை கையில் அகப்பட்டது. டெய்லரின் கண் பையின் வாய்க்குத்தான் முதலில் போகும். பிரித்துத் தைத்த ஊசித் தடம் இரண்டே இரண்டு. மூன்று பிடியோடு நின்றிருக்கிறது. நிறுத்தியவன் நான்தான். அன்றைக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடியிருக்க என்னால் முடியவில்லை.

"ஒருநாள் நீ சும்மா எண்ணினதை நான் பாத்தேன்மா" என்று அவளிடம் சொன்னேன். "பாத்துட்டும் கேக்கல."

அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியும்பா. மிஷின் நின்னுச்சே" என்றாள். "நீங்க வந்து திட்டுவீங்க, அப்புறம் உங்க பையைக் கட்டிக்கினு பக்கத்துல உக்காருவீங்கன்னுதான் எண்ணிக்கினே இருந்தேன். மறுபடி மிஷின் ஓட ஆரம்பிச்சிடுச்சு."