வேலியில் நின்ற மான்கள்

மான் எண்ணுற வேலைக்கு நடக்கத் தெரிஞ்சா போதும்னு சொல்லித்தான் என்னை வனத்துறையில தினக்கூலியா சேர்த்தாங்க; எழுதவும் தெரியணும்னு அப்புறம்தான் சொன்னாங்க. ஒரு வேலைக்குன்னு போய் ஒன்பது வேலை பார்க்கிற உங்களுக்கு இது புரியும்.

ரெண்டெழுத்து

தோணிரேவு ஊரைத் தாண்டி ஏரிக்கரையில ஒரு மணல்மேடு. பெரும்பாலும் வேலிகாத்தான் முள்ளு, அதான் சீமைக்கருவேலம்; ஊர்ப்பக்கம் கொஞ்சம் சவுக்கு. எத்தனை புள்ளிமான், எந்த இடத்துல நிக்குதுன்னு தாள்ல எழுதணும். வெயில் ஏறினா அத்தனையும் முள்ளு நிழல்லதான் படுக்கும். 'வேலிகாத்தான்'னு முழுசா எழுதி முடிக்கிறதுக்குள்ள மூணு மான் ஓடிடும். அதனால 'வேலி'ன்னு சுருக்கிட்டேன்.

ரேஞ்சர் தாளைப் பார்த்துட்டு, "எல்லாம் வேலியிலதான் நிக்குதா?"ன்னார். "ஆமாங்கய்யா, வெயில்ல வேற எங்க போகும்"னேன். அவர் தலையில கை வெச்சுக்கிட்டார். "அப்ப வேலிக்குள்ள பயிர் வெச்சவங்க கதி என்னய்யா?"

பந்தி

பயிர் வெச்சவங்க நரசம்மா ஒருத்தங்கதான். ஏரியில கையால இறால் தடவிப் பிழைக்கிறவங்க. இறால் கிடைக்காத மாசத்துக்கு, சவுக்குக்கு முன்னால போட்டிருந்த வேர்க்கடலைதான் சோறு. விடியக்காலையில மான் வந்து அந்தக் கொழுந்தை மேயும். மானுக்கு ஒளிய இடம் கொடுக்கிற முள்ளை வெட்டுங்கன்னு மனு கொடுத்திருந்தாங்க. என் தாளும் சேர்ந்ததும் மனுவுக்குக் கால் முளைச்சிடுச்சு. பாதி முள்ளை வெட்டினாங்க.

மழை பெஞ்சுது. வெட்டின இடமெல்லாம் பச்சைப் புல்லு. அடுத்த தடவை எண்ணினா மான் ரெண்டு பங்கு. மிச்ச முள்ளுல படுக்குது, எழுந்து நாலடி வெச்சா சாப்பாடு. நரசம்மா இடுப்புல கை வெச்சுக்கிட்டுப் பார்த்தாங்க. "இன்னாண்ணே, தொரத்துங்கன்னா இலை போட்டு உக்கார வெச்சிருக்கீங்க. பாயசம் எப்போ?"

மிச்சப் பாதி

அந்தக் கடலை போச்சுன்னா பழி எனக்குத்தான். தினமும் விடியறப்ப போய் வயல்ல குளம்படி தேடுவேன். பத்து நாள் பார்த்தேன், ஒண்ணுகூட இல்லை. வீட்டு வாசல்லயே புல்லு இருக்கிறப்ப, ஊர் நாய்க்குப் பயந்துகிட்டே வெட்டவெளி தாண்டி எதுக்கு வரும்? செடியில காய் பிடிக்க ஆரம்பிச்சுது.

அப்பதான் மிச்ச முள்ளையும் வெட்ட மிஷின் வந்துச்சு. அதுவும் போயிட்டா நிழலுக்குச் சவுக்குதான். சவுக்குக்குப் போற வழி நரசம்மா கடலை. ரேஞ்சர்கிட்ட போய், "ஐயா, நான் எழுதினது ஊர் வேலி இல்லீங்க, வேலிகாத்தான்"னு ஒத்துக்கிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதுக்குள்ள நரசம்மா மிஷினுக்கு முன்னால போய் நின்னுட்டாங்க.

"வெட்டச் சொல்லி மனு கொடுத்ததே நீங்கதானேம்மா?"ன்னார் ரேஞ்சர்.

"குடுத்தேன் சார். மான் இன்னா துன்னுதுன்னு பார்த்தேன், எங்க படுக்குதுன்னு பார்க்கல. கடலை புடுங்கற வரைக்கும் அதுங்க அங்கேயே தூங்கட்டும்."

மிஷின் திரும்பிப் போச்சு.

நாங்க மானை எண்ணிக்கிட்டிருக்கோம், மான் புல்லையும் நிழலையும் எண்ணிக்கிட்டிருக்கு. இதுவரைக்கும் கணக்குத் தப்பினது எங்களுக்குத்தான்.