டூலன் வீட்டுச் சண்டை

சென்ற வாரம் பல்வலி என்று மருத்துவரிடம் போனேன். மருந்துச் சீட்டு கைப்பேசிக்கே வந்துவிட்டது. ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தாக, குழந்தைகூடப் படிக்கலாம். எனக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது. விழுப்புரத்தில் அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். அந்தக் காலத்து டாக்டர்களின் கிறுக்கலைப் படிப்பதில் பத்து வயதிலேயே நான் அவரை மிஞ்சிவிட்டேன். "பாப்பா, இது என்னான்னு பாரு" என்று சீட்டை நீட்டுவார். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துச் சொல்லிவிடுவேன். யாரும் சான்றிதழ் தராத அந்தத் திறமை கடைக்கு வெளியே ஒரே ஒரு தடவைதான் பயன்பட்டது. அதுவும் எங்கே என்கிறீர்கள்? ஜெர்மனியில், ஓர் ஐரிஷ் குடும்பச் சண்டையில்.

இரண்டாயிரங்களின் நடுவில் வால்டோர்ஃபில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். நாகர்கோவில்காரி மெர்சியும் நானும் ஒரே வீட்டில் குடியிருந்தோம், ஒரே அலுவலகம். ஒருநாள் புதிதாகச் சேர்ந்தவர்கள் பட்டியலில் 'ஷீலா டூலன்' என்று ஒரு பெயர். ஷீலா என்றால் நம்மூர்ப் பெண்தான், டூலன் புருஷன் வீட்டுப் பெயராக இருக்கும் என்று நாங்களே முடிவுகட்டி, புளியோதரை கட்டிக்கொண்டு வரவேற்கப் போனோம். ஆறடி உயரத்தில், செம்பட்டை முடியோடு ஒரு கனடாக்காரி எழுந்து நின்றாள். நாங்கள் டப்பாவைப் பின்னால் மறைப்பதற்குள் அவள் வாசனை பிடித்துவிட்டாள். முழுவதையும் அவளே சாப்பிட்டாள். அன்றிலிருந்து சிநேகிதி.

ஷீலா விவசாயி மகள். வால்டோர்ஃபைச் சுற்றி ஸ்பார்கல் வயல்கள் உண்டு, அதாவது ஆஸ்பாரகஸ் என்கிற காய். வசந்தத்தில் மண்ணை நீள நீளமாகக் குவித்து, மேலே பிளாஸ்டிக் போர்த்தி, உள்ளே அந்த வெள்ளைத் தண்டை வளர்ப்பார்கள். சைக்கிளில் போகும்போது சட்டென்று இறங்கி, அந்த மண்ணை விரலால் நசுக்கிப் பார்ப்பாள். "வெறும் மணல். எங்கப்பா இத சும்மா குடுத்தாக்கூட வாங்கமாட்டார்" என்பாள். வயலின் சொந்தக்காரர் டிராக்டரிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு ஓடுவேன்.

இரண்டு மாதம் கழித்து அயர்லாந்திலிருந்து கானர் வந்தான். அவனும் டூலன்! இவனுடைய பல் டாக்டர் கடிதம் அவள் மேசைக்கு வந்தது, அவளுடைய சைக்கிள் பூட்டுப் பார்சல் அவனிடம் போனது. கொடுத்து வாங்கும் சாக்கில் பேச ஆரம்பித்து, பூர்விகத்தைத் தோண்டினார்கள். ஒரே ஊர். ஒரே வீடு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு, அந்த வீட்டிலிருந்து அண்ணன் பேட்ரிக் கனடாவுக்குக் கப்பல் ஏறினான், தம்பி டேனியல் அங்கேயே இருந்தான். அண்ணன் வம்சம் ஷீலா. தம்பி வம்சம் கானர்.

கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நாங்களும் அப்படித்தான் நினைத்துக் கேக் வாங்கினோம். கேக்கை வெட்டும்போதே சண்டை வந்துவிட்டது.

கானர் வீட்டுக் கதைப்படி, துறைமுகத்தில் பேட்ரிக், "அடுத்த அறுவடைக்குள்ள உன்னைக் கூப்பிட்டுக்கிறேன்" என்று சத்தியம் செய்தானாம். கூப்பிடவே இல்லை. அவர்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது சொன்ன சொல் தவறினால் அதற்குப் பெயர் 'கனடா வாக்கு'. ஷீலா வீட்டுக் கதையோ நேர் எதிர். பேட்ரிக் கோடரியோடு போய், இரண்டு குளிர்காலம் மரம் வெட்டி, கல் பொறுக்கி, வேர்க்கட்டைகளுக்கு நடுவில் உருளைக்கிழங்கு போட்டு, மரவீட்டுக்குக் கூரை ஏறுமுன்பே தம்பிக்கு எழுதினான். ஒருமுறையல்ல, மூன்று முறை. தம்பிதான் திமிர் பிடித்து வரவில்லை.

அதற்குப் பிறகு அலுவலகம் இரண்டாகப் பிளந்தது. காபி இயந்திரத்தின் முன்னால் இருவரும் எதிரெதிராக நின்றால் எங்களுக்குக் காபி கிடையாது. ஜெர்மன்காரர்கள்கூடக் கட்சி பிரிந்தார்கள். எங்கள் மேலாளர் மட்டும், ஆதாரம் இருந்தால் காட்டுங்கள், இல்லாவிட்டால் வேலையைப் பாருங்கள் என்றார்.

ஷீலா அப்பாவுக்கு எழுதினாள். அவர் பண்ணை வீட்டுப் பரணில் தேடி, ஒரே ஒரு பழைய கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பினார். யாராலும் படிக்க முடியவில்லை. காகிதத்தை மிச்சம் பிடிக்க, இடமிருந்து வலமாக எழுதி முடித்த பக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, அதன் மேலேயே குறுக்காகவும் எழுதியிருந்தான் அதை எழுதிய மனுஷன். பார்த்தால் கோரைப்பாய் மாதிரி இருந்தது. நான், விழுப்புரத்தில் இதைவிட மோசமான எழுத்துக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் என்று வாயை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் சமையலறை மேசையில் பெரிய காகிதத்தில் அச்செடுத்துப் பரப்பினேன். ஒரு கண்ணை மூடினேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு 'எஸ்' எழுத்தின் வால் பிடிபட்டது, அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக ஏறினேன். மெர்சி உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டே நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். அந்தத் தாளில் எண்ணெய்க் கறை படிந்ததற்கு நான் பொறுப்பில்லை.

எழுதியவன் தம்பி டேனியல். அண்ணனின் மூன்று கடிதங்களும் கிடைத்தன என்றுதான் ஆரம்பமே. நான் மேசையைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டேன். ஷீலா கட்சி ஜெயித்தது! ஆனால் குறுக்கு வரிகளுக்கு வந்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. படித்தால் கானரின் முகம் என்ன ஆகும் என்று யோசித்தேன். இரண்டு வரியை மட்டும் புரியவில்லை என்று விட்டுவிடலாமா என்று மெர்சியிடம் கேட்டேன்.

"எட்டி, உள்ளத அப்பிடியே வாசி. நீயா ஒண்ணும் கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்" என்றாள்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டின்போது இருவரையும் எதிரே உட்காரவைத்து வாசித்தேன். டேனியல் எழுதியிருந்தது இதுதான்: துறைமுகம் வரை நடந்தே போனேன். கப்பலையும் பார்த்தேன். அதற்குக் கீழே அவ்வளவு தண்ணீரையும் பார்த்தேன். திரும்பி வந்துவிட்டேன். பயந்தேன் என்று வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது. நீ கூப்பிடவில்லை என்று சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துவிடு, யாரிடமும் சொல்லாதே. கடைசியில் இன்னொன்றும் இருந்தது. முதல் குளிர்காலத்தில் அந்தக் காட்டில் ஏற்கெனவே இருந்தவர்கள் உனக்கு மீன் கொடுத்துக் காப்பாற்றியதாக எழுதியிருந்தாயே, அவர்கள் இப்போது எங்கே என்று நீ எழுதவில்லை.

கானர் முள்கரண்டியைக் கீழே வைத்தான். முகம் சிவந்தது. போச்சு, அழப்போகிறான் என்று நான் கைக்குட்டை தேடினேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான். மேசை குலுங்கச் சிரித்தான். அதற்கு முந்தின மாதம் அலுவலகச் சுற்றுலாவில் ஹைடல்பர்க்கில் நெக்கர் ஆற்றுப் படகில் ஏறியபோது, ஒன்றரை மணி நேரமும் கம்பியைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

"எனக்குப் பயம் எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்றான்.

ஜெயித்த ஷீலாதான் அழுதாள். "எங்க பாட்டன் இத யார்கிட்டயும் சொல்லலியே. தம்பி கேட்டுக்கிட்டான்னு கடைசி வரைக்கும் மறைச்சுட்டாரே" என்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, மீன் கொடுத்தவர்களைப் பற்றி வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றாள். அன்று மாலையே அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. பட்டா எழுதின தேதிக்கு முன்னால் அந்த நிலத்தில் யார் இருந்தார்கள் என்று தான் கேட்டதே இல்லை என்று மெதுவாகச் சொன்னாராம்.

அந்தக் கோடையில் கானர் விமானத்தில், கண்ணை மூடிக்கொண்டுதான், கனடா போனான். ஷீலாவின் அப்பா வாசலில் நின்று, "ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க" என்று சொல்லி உள்ளே அழைத்துப் போனாராம். இரண்டு வாரம் வைக்கோல் கட்டித் தூக்கியதில் கையெல்லாம் கொப்புளம். அதைப் படம் பிடித்து எங்கள் எல்லோருக்கும் அனுப்பினான், ஏதோ பதக்கம் வாங்கியதுபோல.

பேட்ரிக் கட்டிய வீட்டில் தங்கிய கடைசி விருந்தாளி அவன்தான். அடுத்த வசந்தத்தில் ஷீலாவின் அப்பா முழங்கால் வலி தாங்காமல் நிலத்தை விற்றார். வாங்கியவர்கள் வீட்டை இடித்து, வரப்புக் கற்களை லாரியில் ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே சோள வயலாக்கிவிட்டார்கள். எங்கள் நிறுவனமும் ஒரு பெரிய நிறுவனத்துக்குள் கரைந்துபோனது. ஷீலா ஒரு கண்டம், கானர் ஒரு தீவு, மெர்சி திருவனந்தபுரம். எப்போதாவது வானிலிருந்து எடுத்த வரைபடத்தில் அந்தப் பண்ணையைத் தேடுவேன். பச்சையாக ஒரு சதுரம் தெரிகிறது. வீடு எந்த மூலையில் இருந்தது என்று ஷீலாவிடம் கேட்டேன். அவளுக்கும் இப்போது சரியாகச் சொல்ல வரவில்லை.