தம்பியின் கேன்டீன் கார்டு

என் தம்பி எல்லைக் காவல் படையில் இருக்கிறான். அவனுக்கு என்ன சம்பளம் என்று ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவுக்கே தெரியும். நான்தான் சொல்லித் திரிந்தேன். பனிமலைக்குத் தனிப் படி, சாப்பாட்டுக்குத் தனிப் படி, எல்லாவற்றுக்கும் மேலே கேன்டீன் கார்டு. சோப்பிலிருந்து ஃபிரிட்ஜ் வரை கடையை விட விலை குறைவு. இதையெல்லாம் எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று மட்டும் நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அவன் மனைவியும் மகளும் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். போன வருஷம் லீவில் வந்தவனிடம் எனக்கு மிக்ஸி, ஆபீஸ் நண்பர்களுக்கு ரம், மச்சானுக்கு சூட்கேஸ் என்று அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தலையாட்டுகிறவனிடம் கேட்க எனக்குக் கூச்சமே வராது.

லீவின் கடைசி நாள், மகளைக் கப்பன் பார்க் குட்டி ரயிலுக்குக் கூட்டிப் போவதாக இருந்தான். ஆறு வயசுக்காரி காலை ஏழு மணிக்கே ஷூ மாட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று பார்த்து, என் மாமியாருக்குச் சொல்லி வைத்த வாஷிங் மெஷின் வந்துவிட்டதென்று கேன்டீனிலிருந்து போன் வந்தது. பெரிய சாமான் என்றால் கார்டுக்காரரே நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

"பாப்பாகிட்ட சொல்லிட்டேன்ணா," என்றான் தம்பி.

"பார்க் எங்கடா ஓடிப் போவுது? அடுத்த லீவுல கூட்டினு போ. இன்னிக்கு வுட்டா மெஷின வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

அவன் கார்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். மகள் ஷூவைத் தானே கழற்றி ஓரமாக வைத்தாள். கேன்டீன் வரிசையில் மூன்று மணி நேரம் நின்றோம். அடுகோடி ஏரியாவில் இருக்கும் மாமியார் வீட்டில் மெஷினை இறக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. எவ்வளவு மிச்சம் என்று நான் மாமியாரிடம் அளந்துகொண்டிருந்தேன்; தம்பி வாசலில் நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் விடியுமுன் அவனுக்கு ரயில்.

அடுத்த லீவு ரத்தாயிற்று. அதற்கு அடுத்ததும் தள்ளிப் போனது. போனில் அவன் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்காவது கொஞ்சம் ஆறியிருக்கும். குட்டி ரயிலுக்கு நான் கூட்டிப் போகிறேன் என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். அப்பா வரட்டும் என்றாள் குழந்தை.

ஒரு வருஷத்துக்குப் பிறகு, போன வாரம்தான் லீவு கிடைத்தது. சேதி தெரிந்ததும் நானே மாடிக்கு ஓடினேன்.

"பாப்பா, அப்பா வர்றாரு."

ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்கினாள். முகத்தில் குறையோ கோபமோ இல்லை. அப்பா எதற்கு வருகிறார் என்று தனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் கேட்டாள்.

"இந்தத் தடவ உங்களுக்கு என்ன வாங்கணும், பெரியப்பா?"